வாக்கும் பந்தயமும்

மாட்டுவண்டிச் சவாரி புளியங்கூடல் முதலிய தீவக ஊர்களில் வாழ்வோருக்குப் புதியதன்று. எந்தச் சோடி முந்தும் என்று திடலில் நிற்போர் பந்தயம் கட்டுவதும் உண்டு. பந்தயம் எவ்வளவு ஏறினாலும் மாட்டின் ஓட்டம் மாறாது. தன்மீது கட்டிய பணத்தை அது அறியாது. ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளர்மீது பந்தயம் கட்டுவதும் இத்தகைய கேளிக்கைதானே என்று கேட்போர் உளர். இவ்வினாவை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

இப்பழக்கம் பழையது. பாப்பரசர் தெரிவின்மீது பந்தயம் கட்டுவதை 1591இல் பதினான்காம் கிரகரி தடைசெய்தார். இன்றோ இலண்டனில் தேர்தற் பந்தயம் சட்டம் அனுமதித்த வாணிகம். ஒரு வேட்பாளருக்கு 'ஒன்றுக்கு நாலு' என்று விகிதம் கூறினால், ஒரு ரூபாய் கட்டியவருக்கு அவர் வென்றால் நாலு ரூபாய் இலாபம். அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது என்பது பொருள். 2024 அமெரிக்கத் தேர்தலின்போது 'பொலிமார்க்கெட்' என்னும் இணையச் சந்தையில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் டிரம்ப்மீது பணம் கட்டிக் கோடிக்கணக்கான டொலர் ஈட்டினார். அந்நாட்டில் அவருக்கு வாக்கே இல்லை!

சிதறிக் கிடக்கும் அறிவைப் பந்தயம் ஒன்றுதிரட்டுகிறது, ஆதலால் அது கருத்துக் கணிப்பினும் சிறந்தது என்பர் அதன் ஆதரவாளர். கணிப்புச் சரியாகலாம், அதை நாம் மறுக்கவில்லை. ஆயின், மாடு அறியாத விகிதத்தை வாக்காளர் அறிகிறார். 'வெல்லாதவருக்கு வாக்களித்து என்ன பயன்?' என்று அவர் மனம் தளர்கிறது. அவ்விகிதத்தை ஆக்கியதோ பணத்தின் கனம். ஏழைக்கும் செல்வனுக்கும் வாக்கு ஒன்றே என்று பெற்ற உரிமையைப் பணப்பை புறக்கடை வழியாக வந்து பறிக்கிறது.

2005ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 வீதமே. மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1,80,000 வாக்குகளால் வென்றார். பகிஷ்கரிப்பை முன்கூட்டி அறிந்த பந்தயக்காரருக்கு அது ஆதாயம் தரும் செய்தி. அடுத்த ஆண்டே மூண்டு 2009 வரை நீடித்த போரில் இம்மக்கள் இழந்தவற்றை எந்தச் சந்தை கணக்கிட்டது?

இனி 2024 செப்டெம்பர் 21இன் தேர்தலைக் காண்போம். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் நாடெங்கும் 2,26,343 வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 1,16,688. அவர் ஜனாதிபதியாவார் என்று நம்பி வாக்களித்தவர் யார்? அவரது நிலைப்பாட்டை ஏற்பதும் மறுப்பதும் வேறு. பந்தயக் கணக்கில் வீணான அவ்வாக்குகளால் ஒரு மக்கள்கூட்டம் தன் மனத்தைத் தெரிவித்தது என்பதை மறுக்க இயலாது. அத்தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்க 2019இல் பெற்றது 3.16 வீதமே. அன்று அவருக்கு வாக்களித்தோர் வெற்றி வாய்ப்பை மட்டும் பார்த்திருப்பின் அச்சிறு தொகையும் கிடைத்திராது.

வாக்கு என்பதற்குத் தமிழில் சொல் என்றே முதற்பொருள். யார் வெல்வார் என ஊகிப்பது பந்தயம்; யார் வெல்லவேண்டும், எதற்காக வெல்லவேண்டும் எனச் சொல்வது வாக்கு. தேர்தல் காலத்தில் மாணவர்கள் ஆசிரியரிடம் முதல் வினாவையே கேட்பர். இரண்டாவதை அவர்களிடம் திருப்பிக் கேட்பது நம் கடமை.