கடமையும் கேண்மையும்

மக்கள் வாழ்வில் உறவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்கேற்ற கடமையும் உண்டு. தந்தை மகற்கு ஆற்றுவது, மகன் தந்தைக்கு ஆற்றுவது, கணவன் மனைவியர் ஒருவர்க்கொருவர் ஆற்றுவது என்று நூல்கள் வகுத்துரைத்துள்ளன. நண்பன் என்னும் பெயர்க்கு அத்தகைய கடமை யாது? வள்ளுவர் பெருமான் நட்பு முதல் கூடாநட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை இதற்கென ஒதுக்கினார். ஆயினும் வாழ்க்கைத் துணைநலமும் மக்கட்பேறும் விருந்தோம்பலும் அறத்துப்பாலில் அமைய, நட்பு பொருட்பாலில் அமைந்தது. நட்பு அரசுக்கு உறுப்பு ஆதலின் அங்கு வைத்தார் என உரையாளர் அமைதி கூறுவர். அவ்வமைதியை மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் இல்லறக் கடமைகளின் வரிசையில் நட்புக்கு இடமில்லாமை சிந்திக்கத்தக்கது. நட்பு கடமையா? கடமையன்று எனின், கடமைகளால் நிறைந்த ஒருவன் வாழ்வில் அதற்கு இடம் எது?

கிறித்தவ சபைகளில் போதகராகப் பணியாற்றுவோரை எண்ணினால் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. போதகர் ஒருவர்க்கு உரியவர் அல்லர். சபையார் எல்லார்க்கும் உரியவர். நள்ளிரவில் நோயாளி அழைத்தாலும் செல்லவேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை என்று பிறர் வீட்டு நன்மை தீமைகளிலேயே அவர் நாள் கழிகிறது. அவர் இல்லத்தார்க்குக் கிடைப்பது எஞ்சிய பொழுது. இத்தகையவர் ஒருவரோடு மட்டும் நெருங்கிப் பழகினால் மற்றவர் முகம் சுருங்கும். துறவு மடங்களில் தனி நட்பை ஐயத்தோடு நோக்கியதும் இதுபற்றியே. எனினும், இயேசு பெருமான் தம் சீடரை ஊழியர் என்னாது நண்பர் என்று அழைத்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. அவருடைய அன்புக்குரிய சீடன் என்று ஒருவனைத் தனித்துச் சுட்டவும் செய்கிறது. நம் சைவ மரபும் நாவுக்கரசரை அடிமை நெறிக்கும், சம்பந்தரை மகன்மை நெறிக்கும், சுந்தரரைத் தோழமை நெறிக்கும் சான்றாக வைத்தது. ஊழியமும் குடும்ப உறவும் நட்பும் ஆகிய மூன்றும் இறைவன்பால் பொருந்துமாயின், மனிதர்பால் பொருந்தாமை ஏன்?

இம்மூன்றுக்கும் இடையே வாழ்ந்து, அவற்றைக் குறித்துச் சிறைக்கூடத்தில் அமர்ந்து சிந்தித்த ஒரு போதகர் இருபதாம் நூற்றாண்டில் இருந்தார். அவர் ஜெர்மனி நாட்டு லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். 1906ஆம் ஆண்டு பிறந்தவர், தந்தையார் பெர்லின் நகரில் புகழ்பெற்ற மனநோய் மருத்துவர், உடன்பிறந்தார் எழுவர். இளமையிலேயே இறையியலில் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, சபையை அரசின் கருவியாக்க முயன்றவர்களை எதிர்த்து நின்ற சிலருள் இவரும் ஒருவர். 1934இல் லண்டன் நகரில் ஜெர்மானியர் சபைகளுக்குப் போதகராக இருந்தபோது, வன்முறையற்ற எதிர்ப்பைக் கற்க விரும்பி நம் காந்தியடிகளுக்கு எழுதினார். சிச்செஸ்டர் நகர ஆயர் ஜார்ஜ் பெல் பரிந்துரை அனுப்பினார். அடிகளும் வருக என்று மறுமொழி எழுதினார். அதற்குள் தாய்நாட்டில் இளம் போதகரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்துவிட்டமையால் அவர் இந்தியாவுக்கு வரவேயில்லை. வந்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

அவர் வாழ்வில் கடமையும் உறவும் முதலில் மோதிய இடம் ஒரு சாவு வீடு. அவருடன் இரட்டையராய்ப் பிறந்த சகோதரி சபீனா, யூத மரபில் வந்த ஒரு சட்ட அறிஞரை மணந்திருந்தார். 1933 ஏப்ரலில் அவ்வறிஞரின் தந்தை இறந்தார். அவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். அடக்க ஆராதனையை நீரே நடத்துக என்று குடும்பத்தார் போன்ஹோபரை வேண்டினர். அவர் தம் மேலதிகாரியாகிய சபைத் தலைவரைக் கலந்தார். வேண்டாம் என்றார் தலைவர். போன்ஹோபர் அதற்கு இணங்கி மறுத்துவிட்டார். விதிப்படி அதில் குற்றமில்லை. ஆனால் யூதரின் கடைகளைப் புறக்கணிக்குமாறு ஆட்சியாளரே ஏவிய அந்நாட்களில், ஒரு குடும்பத்தின் துக்கத்தில் நிற்க மறுப்பது என்ன பொருள் தரும்? அவ்வாண்டு நவம்பரில் அவரே மைத்துனர்க்குக் கடிதம் எழுதி மன்னிப்பு வேண்டினார். விதி அனுமதிக்காததைச் செய்யாதிருந்தவன் தவறியவன் ஆவானா? ஆவான் என்றே அவர் தமக்குத் தாமே தீர்ப்பு வழங்கிக்கொண்டார். அத்தீர்ப்பு சரியென்றே நான் கருதுகிறேன். சபைக்கு அடங்கி நடத்தல் போதகரின் கடமை என்பது உண்மையே. ஆனால் அடங்கி நடப்பது எளிதாக இருந்த வேளையில் அடங்கியதுதான் அவரை உறுத்தியது.

நட்பு அவர்க்கு 1935இல் வாய்த்தது. பின்கன்வால்டே என்னும் ஊரில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளிக்கு மாணவராக வந்தவர் எபர்ஹார்ட் பெத்கே. ஆசிரியர் பெர்லின் பெருங்குடும்பத்தார். மாணவர் நாட்டுப்புறப் போதகரின் மகன். அகவையில் மூன்றாண்டுக்கு மேல் இளையவர். அம்மாணவரையே தம் பாவ அறிக்கையைக் கேட்பவராக ஆசிரியர் தேர்ந்துகொண்டார். பள்ளியில் ஒரு விதி இருந்தது: உடனுறைவோன் ஒருவனைப் பற்றி, அவன் இல்லாதபோது, எவரும் பேசுதல் ஆகாது. (நம் அலுவலகங்களில் இவ்விதி வருமானால் தேநீர் இடைவேளையில் பேச்சே இராது!) 1937இல் இரகசியக் காவலர் அப்பள்ளியை மூடினர். நட்பு மூடப்படவில்லை.

ஹிட்லர் ஆட்சியை வீழ்த்த முயன்ற மறைமுகக் குழுவில் சேர்ந்திருந்த போன்ஹோபர் 1943 ஏப்ரல் 5ஆம் நாள் கைதானார். அவ்வாண்டு சனவரியில்தான் மரியா என்னும் நங்கையோடு அவருக்கு மண உறுதி ஆகியிருந்தது. மே மாதத்தில் பெத்கே, போன்ஹோபரின் தமக்கை மகளாகிய ரெனாத்தேயை மணந்தார். மணமக்களுக்குப் போதகர் சிறையறையிலிருந்தே திருமண அருளுரை எழுதினார். அன்பு என்பது மணமக்கள் இருவருக்குள் அடங்குவது, மணம் என்பதோ உலகின்முன் ஏற்கும் ஒரு பதவி. அப்பதவியே அன்பைத் தாங்கி நிற்கும் என்பது அதன் கருத்து. பதவிக்கும் கடமைக்கும் அவர் எவ்வளவு மதிப்பளித்தார் என்பதற்கு இது போதும்.

ஆனால் சிறை விதிகள் அவருக்கு வேறொன்றைக் கற்பித்தன. எழுத அனுமதித்த கடிதங்கள் எண்ணிக்கையிட்டவை. அவை பெற்றோர்க்கும் மணமகளுக்கும் போயின. நண்பனுக்கு இடமில்லை. 1943 நவம்பர் முதல், மனமிரங்கிய காவலர் வழியாக மறைவில் சென்ற கடிதங்களே நண்பரை அடைந்தன. தாய்க்கும் மனைவிக்கும் உலகம் தானே வழிவிடுகிறது, நண்பனுக்கு அவ்வாறு விடுவதில்லை என்னும் உண்மையைப் பெத்கேயும் எழுதினார். அதற்கு மறுமொழியாக 1944 சனவரியில் போன்ஹோபர் எழுதிய கருத்துகள் ஆழ்ந்து எண்ணத்தக்கவை. மணவாழ்வு, தொழில், அரசு, திருச்சபை ஆகிய நான்கும் இறைவன் கட்டளையின் கீழ் நிற்பன. நட்போ கீழ்ப்படிதலுக்கு உரியதன்று, சுதந்திரத்துக்கு உரியது என்றார். விளைநிலத்துக் கதிர்களிடையே யாரும் விதையாமல் பூக்கும் நீலப் பூவை அதற்கு உவமை கூறினார். கதிர் பசிக்கு உதவும். பூ எதற்கும் உதவாது. எனினும் தம் நாட்டார் நான்கு கட்டளைகளையே போற்றிச் சுதந்திரத்தின் எல்லையை மறந்தனர் என்பது அவர் வருத்தம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பெத்கேயின் பிறந்தநாளுக்கு நண்பன் என்னும் தலைப்பில் ஒரு கவிதையும் அனுப்பினார்.

மத்திய அரசின் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு இக்கருத்து எளிதில் விளங்கிற்று. குடும்பம் என்றால் யார் யார் என்று எங்கள் விதிநூல்கள் ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்திருக்கின்றன. விடுப்புப் பயணச் சலுகையாயினும் மருத்துவச் செலவாயினும் அவ்வரையறைக்குள் வருவோர்க்கே உரியது. சேமநல நிதிக்கு நியமனம் எழுதும்போது, குடும்பம் உடைய ஊழியன் குடும்பத்தாரையன்றிப் பிறரை எழுத இயலாது. உறவுமுறை என்னும் கட்டத்தில் நண்பர் என்று எழுதினால் படிவம் திரும்பி வரும். திரும்பி வருவதே முறை. நட்பை விதிக்குள் கொணர்ந்தால் அதற்கும் சான்றிதழ் கேட்க நேரும்!

ஆயினும் நம்மனோர் வாழ்வை நினைத்துப் பார்க்கிறேன். பிழைப்பு நாடி வடபுலத்து நகரங்களுக்கு வந்த குடும்பத்தில் ஒருவர் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். உடன்பிறந்தார் திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் இருக்கின்றனர். விமானம் ஏறுவோர்க்கும் விடியவேண்டும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அதுவரை நிற்பவர் மாடிவீட்டு நண்பர். உறவினர் வந்தவுடன் அவர் ஒதுங்கி நிற்கிறார். முடிவுகளை அவர்கள் எடுக்கின்றனர். அவரை யாரும் கேட்பதில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் அலுவலகம் செல்கிறார். நண்பர் நோயுற்றார் என்று விடுப்புக் கேட்கவும் அவர்க்குக் கூச்சம். இக்கூச்சம் தவறானது என்று சொல்லலாம். ஆனால் உரிமை பாராட்டாத அந்த ஒதுக்கமே அவர் செய்ததன் அருமையைக் காட்டுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வந்தார் என்பதைப் படிக்கும்போது நாம் வியப்பது ஏன்? வராதிருந்தாலும் அவரைப் பழிப்பார் இலர் என்பதனால் அன்றோ?

இதனால் நட்பு கடமையினும் உயர்ந்தது என்று முடிவு கட்டுவோர் உளர். போன்ஹோபர் வாழ்வு அம்முடிவுக்கு இடந்தரவில்லை. 1944 அக்டோபரில் காவலர் ஒருவர் துணையோடு சிறையிலிருந்து தப்பிச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. மாற்றுடைகூட ஆயத்தம். அந்நாட்களில் தமையன் கிளாஸ் கைதானார். தாம் தப்பினால் குடும்பத்தார்க்குத் துன்பம் பெருகும் என்று அத்திட்டத்தைக் கைவிட்டார். நண்பர்க்கு எழுத இன்னும் எவ்வளவோ இருந்தது, மணமகள் காத்திருந்தாள், வீட்டார் நலனே வென்றது. ஆனால் இதையும் நோக்கவேண்டும்: அவர் பெயரை இன்று உலகம் அறிவதற்குக் காரணமான இறையியல் சிந்தனைகள் பெரும்பகுதியும் பிரசங்க மேடையிலோ கல்லூரியிலோ பிறந்தவை அல்ல. யாரும் எழுதச் சொல்லாத, எழுதவும் கூடாதென்று தடுக்கப்பட்ட, நண்பர்க்கான கடிதங்களிலேயே பிறந்தன. சபையார் முன்னும் பெற்றோர் முன்னும் அவர் தேறுதல் சொல்பவராகவே நிற்கவேண்டியிருந்தது. தம் ஐயங்களையும் சோர்வையும் மறைக்காமல் வைக்க ஓரிடம் தேவைப்பட்டது. ஊழியத்துக்கு உரம் அங்கிருந்து வந்தது. தனி நட்பு போதகரின் பொதுப்பணியைக் குலைக்கும் என்று அஞ்சியோர் இவரைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ?

1945 ஏப்ரல் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உடனிருந்த கைதிகளுக்குச் சிறு ஆராதனை நடத்தி முடித்த வேளையில் அழைப்பு வந்தது. புறப்படுமுன் ஆங்கிலக் கைதி ஒருவரிடம் ஆயர் பெல்லுக்கென ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். மறுநாள் பிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அம்மாதத்திலேயே தமையனும் மைத்துனர் இருவரும் கொல்லப்பட்டனர். சூலைத் திங்களில் லண்டனில் நடந்த நினைவு ஆராதனை வானொலியில் ஒலிபரப்பானபோதுதான் முதிய பெற்றோர் மகன் முடிவை உறுதியாய் அறிந்தனர்.

பெத்கே இத்தாலியில் போர்வீரராக இருந்தபோது தமக்கு வந்த கடிதங்களைப் பாதுகாக்க வழி செய்திருந்தார். நச்சுவாயு முகமூடி வைக்கும் தகரப் பெட்டிகளுக்குள் அவை பெர்லின் வீட்டுத் தோட்டத்தில் புதையுண்டிருந்தன. தாமும் 1944 அக்டோபரில் கைதாகும் வேளையில், கையிலிருந்த இறுதி மாதக் கடிதங்களை எரிக்க நேர்ந்தது. போர் முடிந்தபின் எஞ்சியவற்றைத் தோண்டியெடுத்து, படியெடுத்து, 1951இல் நூலாக வெளியிட்டார். 1967இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட வரலாறு எழுதினார். அதன்பின்னும் 2000ஆம் ஆண்டு தம் தொண்ணூறாம் வயதில் மறையும்வரை, நண்பருடைய எழுத்துகளைப் பதிப்பித்தும் விளக்கியும் வந்தார். அப்பணியை அவர்க்கு இட்டவர் எவரும் இலர்.