இடிபடக் காத்திருக்கும் வீட்டுக்கு வண்ணம்

எங்கள் குடியிருப்பின் சங்கக் கூட்டங்களில் ‘ரீடெவலப்மென்ட்’ என்ற சொல் இப்போது தவறாமல் காதில் விழுகிறது. பெசன்ட் நகரில் வீட்டுவசதி வாரியம் எழுபதுகளில் கட்டிக் கொடுத்த வீடுகள் இவை. லிஃப்ட் இல்லை. கார் நிறுத்த இடம் போதாது. கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் மனைக்கு மட்டும் விலை ஏறிக்கொண்டே போகிறது. முன்பெல்லாம் ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். ஆகவே இடிப்பு என்றைக்காவது நடக்கும். அடுத்த வருடமா, பத்து வருடம் கழித்தா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

“எப்படியும் இடிக்கப்போறாங்க, இதுல போய் யாராவது காசு போடுவாங்களா?” மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை நம்பி, உதிரும் காரைக்கும் மினுக்கி மினுக்கி எரியும் ட்யூப் லைட்டுக்கும் நடுவே வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நான் பார்க்கிறேன். இருக்கும் காலம் முழுவதும் வரப்போகும் வீட்டுக்கான காத்திருப்பாகவே போய்விடுகிறது. என் அம்மாவுக்கு 76 வயது. அவளுக்கு அப்படிப் போகக் கூடாது.

*

நோட்டின் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம், பிரித்து எடுத்துப் போகக்கூடியவை: மின்விசிறி, விளக்கு, திரைச்சீலை, பீரோ, நாற்காலி. வலப்பக்கம், சுவரோடு போய்விடுபவை. வலப்பக்கத்துக்கு ஒரே விதி. உடம்புக்கும் உயிருக்கும் காவலானதற்கு மட்டும் அங்கே செலவு. அழகுக்கு மட்டும் என்றால் அது இடப்பக்கம் போக வேண்டும்.

அலங்கார வேலைக்காரர்கள் தந்த மதிப்பீடுகள் இதற்கு நேர் தலைகீழாக இருந்தன. ஃபால்ஸ் சீலிங், டிவிக்குப் பின்னால் பேனல், மொசைக்கின் மேல் புது டைல்ஸ். எல்லாமே இடிபாட்டோடு லாரியில் ஏறப்போகிறவை. அதைவிட, இந்த வீட்டிடம் இருக்கும் பெரிய சொத்து அதன் உயரமான கூரை. வெயில் காலத்தில் சூடு மேலே போய் நிற்க இடம் இருக்கிறது. அதை ஜிப்சம் பலகையால் தாழ்த்த எனக்கு மனம் வரவில்லை.

*

பால்கனிக் கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. கடற்காற்று வீசும் பேட்டைகளில் இது வழக்கம்தான். நல்ல கான்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு பல வருடங்கள் மெல்ல இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடல் உப்பு இன்னும் சீக்கிரம் அந்தக் காவலை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாத இடத்தில் அது விரியும்போதுதான் காரை பிளந்து விழுகிறது.

இதன்மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைத்திருக்கும் வீடுகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு முதலில் பார்க்கச் சொன்னேன். சின்னச் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ‘டொக் டொக்’கென்று வெற்றொலி எழும்பிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். தளர்ந்ததை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவை அடியோடு தேய்த்து, துரு தடுக்கும் ப்ரைமர் பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். ஒதுக்கிய பணத்தில் பெரும் பங்கு அந்தச் சாக்பீஸ் வட்டங்களுக்குள்தான் போனது. வருகிறவர்கள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அம்மா தினமும் அதன் கீழே நின்று துணி உலர்த்துகிறாள்.

குளியலறைச் சுவரின் ஓதம் வேறு கதை. எங்கள் பக்கம் என்ன பூசினாலும் அது நிற்காது, ஏனென்றால் தண்ணீர் வருவது மேல்வீட்டிலிருந்து. இந்த ஒரு விஷயத்தால் வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் எங்கள் பிளாக்கிலேயே உண்டு. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். பேச்சை அம்மாதான் எடுத்தாள். “மாமி, உங்க பாத்ரூம் தளமும் எங்க பாத்ரூம் கூரையும் ஒண்ணுதானே. பாதிப் பாதியா போட்டுக்கலாம்.” அதோடு முடிந்தது. மேல்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றியிருந்த சிமென்ட் விட்டுப்போயிருந்தது. அதைப் புதிதாக அடைத்து, டைல்ஸ் இடுக்குகளை எப்பாக்ஸியால் நிரப்பினார்கள். பிறகு எங்கள் சுவரைத் தொடாமல் காயவிட்டோம். மேலே பூத்த உப்பை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும்.

*

ஒயரிங். பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. எங்கள் வீட்டில் பாதி பாயின்ட்களுக்கு இல்லை. மெல்லிய பழைய ஒயரில் பிற்காலத்தில் ஏசி, ஹீட்டர், இண்டக்‌ஷன் என்று சுமையை ஏற்றியிருந்தோம். புதிதாக இழுத்தோம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று போர்டில் ஏறியது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் பழக்கம் அம்மாவை விட்டுப் போகாது. வண்ணத்தைப் பற்றி யோசிக்க உட்காருவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

*

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் வந்தது. மழைக்காலத்தில் சுவர் குடித்த ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். இன்றைய எமல்ஷன் அந்த அளவுக்கு விடாது. ஐப்பசி கார்த்திகை ஈரம் காய்வதற்குள் அவசரமாக அடித்தால், அடுத்த வருடமே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நாங்கள் பங்குனி வரை பொறுத்தோம்.

சுரண்டும்போது மூன்று காலங்கள் வெளியே வந்தன. அடியில் நீலம் கலந்த வெள்ளை. அதன்மேல் பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர். அதற்கும் மேல் ரோஜா நிறம், அக்காவின் கல்யாணத்துக்கு அடித்தது. பெயின்டர் சுரண்டிக்கொண்டே போக, அம்மா நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நிறத்துக்கும் வருடம் சொன்னாள். ரோஜா நிறத்துக்கு அப்பா சம்மதிக்கவே இல்லையாம். அடித்து முடித்ததும் அவருக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போயிற்றாம்.

ஜன்னல் கம்பிகளில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். வீட்டுப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் மூச்சில் போகும். அக்காவின் பேத்தி தவழும் வயதில் இருக்கிறாள். அவள் வராத நாட்களாகப் பார்த்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, தரையை ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொன்னேன்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யவில்லை. சின்ன டப்பாக்கள் வாங்கி, மேற்குச் சுவரிலும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் பெரிய சதுரங்களாக அடித்து விட்டுவைத்தோம். மேற்கு வெயில் ஏறும் ஹாலில் சந்தன நிறம் சாயங்காலம் ஆரஞ்சாகவே ஆகிவிட்டது. 6500 கெல்வின் ட்யூபின் நீல வெளிச்சத்தில் அதே நிறம் வெளிறிக் கிடந்தது. கடைசியில் சாம்பல் சாயல் லேசாக ஓடும் வெள்ளை. கூடவே, ட்யூபை மாற்றி 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். வண்ணத்தையும் விளக்கையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போட்ட பணத்தில் பாதி வீண்.

*

மொசைக் தரை. வெள்ளைச் சிமென்டில் பதித்த சலவைக்கல் சில்லுகள், கறுப்பும் பச்சையும். மெஷின் வைத்துத் தேய்த்து ஆக்ஸாலிக் பவுடர் போட்டு மெருகேற்றினார்கள். இந்தத் தரையை மூடி டைல்ஸ் போடுவதற்கு ஆகும் தொகையில் இது சிறு பகுதி. காய்ந்ததும் அதில் கால் வைத்தபோது, இத்தனை வருடம் இப்படி ஒரு தரையின் மேலா நடந்துகொண்டிருந்தோம் என்று மனம் நிறைந்துவிட்டது. சில்லுகளின் நிறம் அவ்வளவு ஆழம்.

*

இடப்பக்கத்துப் பட்டியலை அவசரப்படாமல் சேர்த்தோம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும், வீடு மாறினாலும் கூடவே வரும். திரைச்சீலைத் துணி பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த விலைக்கு எடுத்து, தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தது. பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் கிடைத்த தேக்குப் புத்தக அலமாரியின் ஒரு கால் ஆடியது, தச்சர் சரிசெய்தார். அப்பாவின் பிரம்பு நாற்காலி பின்னல் கிழிந்து பரணில் கிடந்தது. புதிதாகப் பின்னி ஜன்னலோரம் போட்டோம். பவானி ஜமக்காளம் ஒன்று கோ-ஆப்டெக்ஸில், தள்ளுபடிக் காலத்தில். ஹால் இப்போது எங்கள் ஹாலாகத்தான் இருக்கிறது. கடையில் காட்சிக்கு வைத்த அறை மாதிரி ஆகவில்லை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

*

இந்த வீட்டில் செய்தவற்றுள் எனக்கு அழகாகத் தெரிவது குளியலறைச் சுவரில் பொருத்திய எவர்சில்வர் கைப்பிடி. டைல்ஸைத் தாண்டிச் செங்கல்வரை போகும் நீளமான ஆங்கர் போல்ட் போட்டால்தான் உடம்பின் பாரத்தைத் தாங்கும் என்று பிளம்பர் சொன்னார். அவரே முதலில் தொங்கிக் காட்டினார். கழிப்பறைக்குப் பக்கத்தில் இன்னொன்று. தரைக்கு வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ். அம்மா முதலில் முகம் சுளித்தாள். “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கேடி.” இப்போது காலையில் அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. முன்பு கேட்டது அவள் பக்கெட்டின் விளிம்பில் கையூன்றும் சத்தம்.

*

சமையலறை பாக்கி. கடப்பாக் கல் அலமாரிகளை உடைத்து மாடுலர் போடலாம் என்று தம்பி சொல்கிறான். கடப்பாக் கல்லைக் கரையான் தின்னாது, ஈரத்தில் ஊதாது. ஒட்டுப் பலகை இரண்டுக்கும் இரையாகும். கல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மா கேட்பது மூன்றே மூன்று. மேடைக்கு நேர் மேலே, தன் நிழல் காய்கறிமேல் விழாத மாதிரி ஒரு விளக்கு. ஜன்னலுக்குக் கொசுவலை. அரிசி டப்பாவைக் குனியாமல் எடுக்க இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு. மூன்றுக்கும் விலை கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். விளக்கு இடப்பக்கம், வலையும் தட்டும் வலப்பக்கம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சம்மதப் பத்திரம் சுற்றுக்கு வரலாம் என்கிறார்கள். தச்சரை அதற்கு முந்தின வாரமே வரச் சொல்லியிருக்கிறேன்.