அச்சமும் உபசாரமும்

மனிதனை அறத்தினின்று வழுவச்செய்வது அச்சமே என்பர் பலர். அதனினும் வலியது உபசாரம்.

ருஷிய ஆசிரியர் வசீலி கிரோஸ்மன் 1960இல் எழுதிமுடித்த ‘வாழ்வும் ஊழும்’ என்னும் பெருநாவல், ஸ்டாலின்கிராட் யுத்தகாலத்தில் ஒரு குடும்பத்தார் பட்ட பாட்டினைக் கூறுவது. அதில் வரும் விக்டர் என்னும் யூத விஞ்ஞானியின் தாயை நாஜிகள் கொன்றனர். பின்னர்ச் சொந்த நாட்டாரே அவன் ஆராய்ச்சியைப் பழித்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு நெருக்கினர். சிறையை எதிர்நோக்கியும் அவன் இணங்கினானல்லன். ஒருநாள் ஸ்டாலின் தொலைபேசியில் அவனோடு இன்சொற் பேசினார். போன மதிப்பு மீண்டது. அதன்பின், நிரபராதிகளைப் பழிக்கும் பத்திரமொன்று நீட்டப்பட, மறுக்கமாட்டாது கையொப்பமிட்டான்.

அச்சம் பகையாய் வருதலின் நெஞ்சம் விழித்திருக்கும். உபசாரம் நட்பாய் வருதலின் அயர்ந்துவிடும்.

ஆசிரியர் இதனைப் பிறர்மேல் வைத்து மாத்திரம் கூறினாரல்லர். அவருடைய தாயும் 1941இல் பெர்திச்செவ் நகரிற் கொல்லப்பட்டார். 1953இல் அவர்தாமும் அத்தகைய பத்திரமொன்றில் ஒப்பமிட்டவரே. அக்குற்றத்தை மறவாது நாவலில் எழுதினார். 1961இல் அரசினர் கையெழுத்துப் பிரதிகளைக் கைப்பற்றினர். அவர் 1964இல் இறந்தார். நூல் 1980இல் சுவிற்சர்லாந்தில் அச்சேறிற்று.

வழுவியவன் மீளுதல் கூடுமோ எனின், கூடும். தன் பிழைக்கு நியாயம் தேடாது, அதனைப் பிழையென்றே கூறத் துணிதல் மீட்சியின் முதற்படியாம்.