எதிர்வீட்டு ஜன்னல்



1954-ல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'ரியர் விண்டோ' என்ற ஆங்கிலப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். நியூயார்க்கில் கால் முறிந்து வீட்டில் முடங்கிய ஒரு புகைப்படக்காரர், பொழுது போகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்க்கத் தொடங்குகிறார். முதலில் வெறும் கண்ணால், பிறகு பைனாகுலரால், பிறகு கேமராவின் பெரிய லென்ஸால். எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியைக் கொன்றுவிட்டார் என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடுகிறது.

"அப்படியானால் வேவு பார்த்தது நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும்.

அதற்கு முன் நடக்கும் ஒரு காட்சியைக் கவனியுங்கள். துப்பறியும் அதிகாரியான நண்பர் வந்து, "அந்தப் பெண் உயிரோடுதான் இருக்கிறாள்" என்ற தகவலைச் சொல்கிறார். ஒரு பெண் கொல்லப்படவில்லை என்றால் சந்தோஷம்தானே வர வேண்டும்? அவருக்கும், அவரை மணக்க விரும்பும் பெண்ணுக்கும் முகம் வாடிப்போகிறது! அந்தப் பெண்ணே பிறகு இதை நினைத்து வெட்கப்படுகிறாள்.

நோய் இதுதான். சந்தேகம் உள்ளத்தில் வேரூன்றினால், அண்டை வீட்டார் நல்லவராக இருப்பதே நமக்கு ஏமாற்றமாகிவிடும். சூரா ஹுஜுராத்தின் 12-வது வசனத்தில் அல்லாஹுத்தஆலா வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் மூன்றையும் வரிசையாகத் தடுக்கிறான். ஒன்று அடுத்ததற்கு வாசல்.

உமர் (ரழி) அவர்கள் ஓர் இரவு மதீனாவில் ரோந்து போகும்போது, சத்தம் கேட்ட வீட்டுக்குள் சுவர் ஏறிக் குதித்தார்கள். உள்ளே மது இருந்தது. சந்தேகம் சரிதான். ஆனால் அந்த மனிதர், "நான் செய்தது ஒரு பாவம். நீங்கள் வேவு பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தீர்கள்" என்றார். உமர் (ரழி) அவர்கள் அவரை மன்னித்துத் திரும்பினார்கள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதுகிறார்கள். சந்தேகம் சரியாக இருந்தது என்பதால், போன வழி சரியாகிவிடாது.

அதற்காக, பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை. கண்முன் ஆபத்து தெரிந்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவது கடமை. தேடிப்போய்க் குறை பொறுக்குவதுதான் ஹராம்.

இன்று வீடு திரும்பியதும் உங்களையே கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டாரைப் பற்றி நாம் கேட்ட கெட்ட செய்தி பொய் என்று தெரிந்தால், நம் மனம் மகிழுமா, வாடுமா? வாடுமென்றால், இன்றே போய் ஸலாம் சொல்லுங்கள். குழம்பில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஜன்னலில் நிற்பதை விட்டு, அந்தக் கிண்ணத்தோடு அவர்கள் வாசலில் போய் நில்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.