தந்தக் கட்டிலும் வாசற்படியும்



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் ஆமோஸ் சாடுவது சமாரியாவின் பெருந்தனக்காரர்களை. தெக்கோவா ஊர்க்காரர் அவர். ஆடு மேய்த்தவர், காட்டு அத்திமரம் பேணியவர். இரண்டாம் எரொபவாம் ஆண்ட கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் சமாரியாவில் செல்வம் கொழித்தது. தந்தக் கட்டில், கொழுத்த கன்றின் கறி, யாழிசை, கோப்பை கோப்பையாய் மது, உயர்ந்த எண்ணெய் என்று அவர் அடுக்குவதில் மிகையே இல்லை. 1910-இல் சமாரியாவில் தோண்டியபோது, பழைய மதுவும் தூய எண்ணெயும் அரண்மனைக்கு வந்த கணக்கு எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. 1930-களில் செதுக்குவேலை செய்த தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

அப்படியானால் விருந்தே பாவமா? இல்லை. கானாவூரில் ஆறு கல்தொட்டித் தண்ணீரை இரசமாக்கியவர் நம் ஆண்டவர். வரிதண்டுவோரின் பந்தியில் அமர்ந்ததால் அவரையே பெருந்தீனிக்காரர் என்று ஏசினார்கள். ஆமோஸ் களியாட்டம் என்று கண்டித்தது உண்டதை அல்ல. சொந்த இனம் சீரழிவதைப் பார்த்தும் வருந்தாமல் உண்டதை. ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்ற நாடு அது! அந்த ஏழைகளின் அலறல் காதில் விழாதபடி யாழ் மீட்டினார்கள். முதலில் நாடுகடத்தப்படுவோர் இவர்களே என்றார் ஆமோஸ். ஒரு தலைமுறைக்குள் அசீரியரிடம் சமாரியா விழுந்தது. 27,290 பேரைச் சிறைபிடித்ததாக மன்னன் சர்கோன் கல்வெட்டில் எழுதிவைத்தான்.

நற்செய்தியில் வரும் செல்வரையும் பாருங்கள். அவர் திருடியதாகவோ, தம் வாசலில் கிடந்த ஏழை இலாசரை அடித்து விரட்டியதாகவோ இயேசு சொல்லவில்லை. நாள்தோறும் விருந்துண்டார், அவ்வளவுதான். ஆனால் பாதாளத்தில் வதைபடும்போது, "இலாசரை அனுப்பும்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார். ஆக, வாசலில் புண்ணோடு கிடந்தவன் யாரென்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. எனக்கு அச்சமூட்டுவது இதுதான். நம் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது நமக்கும் தெரியும்.

புதுநன்மைக்கும் திருமணத்துக்கும் அழைப்பிதழ் அச்சடிக்கும் குடும்பங்களே, பந்தியில் மிஞ்சியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது போதாது. அடுப்பு எரியாத அந்த வீட்டுக்காரர் பெயரை அழைப்பிதழில் எழுதி, நேரில் போய்க் கொடுங்கள். முதல் பந்தியில் உங்கள் உறவினர் பக்கத்தில் அவர்களை உட்காரவையுங்கள்.