புரட்டாசி சொல்லும் பதில்



கறிக்கோழி வளர்க்கப்படும் விதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பழியை நிறுவனங்கள் மேல் போட்டுவிடுகிறோம். நெருக்கடியான கொட்டகை, சுமார் 40 நாளுக்குள் இரண்டு கிலோ எடை, எல்லாம் அவர்கள் வேலை. நான் ஒருவன் வாங்காவிட்டால் என்ன மாறிவிடும் என்று கேட்கிறோம்.

பதில் ஆண்டுதோறும் புரட்டாசியில் வருகிறது. பல வீடுகளில் கறி எடுப்பதில்லை. பல்லடத்தில் கறிக்கோழி விலையும் நாமக்கல்லில் முட்டை விலையும் பெரும்பாலும் இறங்குகின்றன. விற்பனை படுக்கும் என்று தெரிந்து, குஞ்சு விடுவதையே நிறுவனங்கள் முன்கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை; அவரவர் வீட்டு அடுப்படியில் எடுத்த முடிவுதான் அது.

பண்ணைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுப்பது. கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் அவருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறார். கோழியை எப்படி வளர்ப்பது என்பதில் அவருக்கு அதிகம் பேச்சில்லை. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரம் உண்பவரைத்தான் நேராகப் பார்க்கிறது: தின்பதற்கென்று வாங்குவோர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார். எனக்கு அந்த வாதம் இன்றும் சரியாகவே படுகிறது.

ஆனால் அது மட்டும் போதாது. ஐப்பசி பிறந்து தீபாவளி வந்தால் கறிக்கடையில் மறுபடி கூட்டம். நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிகள் பெரும்பாலும் கம்பிக் கூண்டில்தான் இருக்கின்றன. புரட்டாசி விரதம் கோழிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், கூண்டைப் பெரிதாக்காது. அதற்குச் சட்டம் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் கடை முட்டையின் ஓட்டிலேயே ஓர் எண் இருக்கிறது. 3 என்றால் கூண்டுக்கோழி, 2 என்றால் கூண்டில்லாத கொட்டகை, 1 என்றால் வெளியே மேய்ந்தது, 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை. 2012இல் பழைய வகைக் கம்பிக் கூண்டுக்கே அங்கே தடை வந்தது. அங்கே வாங்குகிறவர் தெரிந்து வாங்குகிறார். மறைத்து விற்க நிறுவனத்துக்கு வழியில்லை.

நம் கடை முட்டையில் அப்படி எண் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நிறுவனத்தைத் திட்டுவதைவிட இது கடினம். எண் வந்துவிட்டால் 3 என்று அச்சிட்ட முட்டையைத் தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல முடியாது. 1 என்று அச்சிட்டதற்கு விலை கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் காசையும் நாம்தான் கொடுத்தாக வேண்டும்.