அழகுக்காக ஒரு பொய்

அமெரிக்க நாட்டு லாஸ் வேகாஸ் நகரிலே, உரிமம் பெற்ற ஆடை களைந்தாடும் கூடங்கள் எத்தனை? 31 என்றது சான்று. 34 என்று எழுதினார் ஒரு கட்டுரையாளர். ஏன் கூட்டினீர் என்று கேட்டதற்கு, வாக்கியத்தின் ஓசைக்கு 34தான் இசைகிறது என்றார்!

மூன்று கூடங்கள் கூடியதால் உலகம் கவிழ்ந்துவிடாது, உண்மைதான். ஆனால் அக்கட்டுரை எதைப் பற்றியது? 2002ஆம் ஆண்டில், அந்நகரத்துக் கோபுரமொன்றிலிருந்து குதித்து உயிர்நீத்த 16 வயதுச் சிறுவனைப் பற்றியது. அதே நாளில் வேறொருவரும் உயரத்திலிருந்து குதித்து மாண்டிருந்தார். சிறுவனின் சாவு தனித்து நிற்கவேண்டும் என்பதற்காக, அந்த மற்றவர் தூக்கிட்டுக்கொண்டார் என்று மாற்றி எழுதினார் ஆசிரியர். ஒரு மனிதனின் சாவையே மாற்றிவிட்டது, அழகு!

எழுதியவர் ஜான் டகாட்டா. எழுதத் தெரியாதவர் அல்லர். அயோவா பல்கலைக்கழகத்திலே, நடந்ததைக் கதையின் சுவை குன்றாது எழுதும் கலையை மாணவர்க்குக் கற்பித்தவர். அத்துறைக்குத் தலைமை தாங்கியவர். பிழைகள் கண்டு ஓர் ஏடு ஒதுக்கிய அக்கட்டுரையை, ‘பிலீவர்’ என்னும் ஏடு 2010இல் வெளியிட்டது. தகவல்களைச் சரிபார்த்த ஜிம் பிங்கலும் அவரும் நடத்திய வாதம், 2012இல் நூலாயிற்று. நூலிலுள்ள உரையாடலும் நடந்தபடியே தரப்பட்டதன்று, மெருகேற்றப்பட்டது என்பது பின்னர் வெளிவந்த செய்தி!

அவர் தரப்பையும் கேட்போம். நான் செய்தியாளன் அல்லன், கலைஞன் என்கிறார். கட்டுரையைக் குறிக்கும் ‘எஸ்ஸே’ என்ற பெயரை 1580இல் தம் நூலுக்கு இட்டவர், பிரெஞ்சு நாட்டு மொந்தேன். முயன்று பார்த்தல் என்பதே அதன் பொருள். முயற்சிக்கு முழுமையான சான்று கேட்பது முறையா என்பது அவர்கள் வினா. நம் நாட்டிலும் இத்தகையோர்க்குத் துணைக்கு வள்ளுவரை அழைப்பவர் உண்டு. குற்றமற்ற நன்மை விளையுமாயின், பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றாரே அவர்!

ஆம், என்றார். ஆனால் எவருக்கு விளையும் நன்மையை? ஒரு வாக்கியத்தின் ஓசைக்கு விளையும் நன்மையையா? பிறர் துயர் துடைக்கும் நன்மை வேறு. எழுதுவோன் புகழ் வளர்க்கும் நன்மை வேறு.

முயற்சி என்பதும் பொய்க்கு உரிமம் அன்று. நினைவு தவறும், மனித இயல்பு. எனக்கு இவ்வாறு நினைவு, உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதுபவன் முயல்கிறான். தெரிந்தே மாற்றிவிட்டு, நடந்தது இது என்பவன் ஏய்க்கிறான். புராணிகனை நாம் எதற்காக எதிர்த்தோம்? அவன் கற்பனை செய்தான் என்பதற்காகவா? அன்று! கற்பனையை வரலாறு என்று நம்பச் செய்தான் என்பதற்காக. மொட்டையடித்த புராணிகனைச் சாடிவிட்டு, பட்டம் பெற்ற புராணிகனுக்குப் பல்லக்குத் தூக்கலாமா?

இனி, மறுபுறம் பாருங்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்றொரு சிறு நூல். எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் மறைந்து பல்லாண்டு கழித்து, 1990இல் அச்சேறியது. 1913 முதல் 1916 வரை அவர் பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே பாடமாகவும் வைக்கப்பட்டது. அதிலே 1901ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று. தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவர்கள், மசூர் இரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகார் பிள்ளைகள் என்றறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. வண்டிகள் இருக்கின்றன, ஏற்றிக்கொள்வார் இல்லை. இரு மடங்கு கூலி தருவதாகவும், வண்டியைத் தாங்களே ஓட்டுவதாகவும் சொன்ன பிறகே ஒருவன் இசைகிறான். உணவு கையில் உண்டு. குடிக்க நீர் தருவாரில்லை.

ஆண்டு இருக்கிறது, ஊர் இருக்கிறது, கூலி இருக்கிறது. ஒப்பாரி இல்லை, உவமை அடுக்கு இல்லை. ஆயினும் படிப்பவர் நெஞ்சு வற்றுகிறது. ஏன்? இரு மடங்கு என்றது இரு மடங்கே. ஓசைக்காக மும்மடங்கு ஆக்கப்படவில்லை என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையே அவ்வெழுத்தின் வலிமை.

தன் கதை எழுதுமாறு கேட்கும் ஆசிரியர்க்கும் இதில் பொறுப்புண்டு. அதிகம் அழவைத்த ஏட்டுக்கு அதிக மதிப்பெண் என்றால், மாணவன் கண்ணீரைக் கூட்டக் கற்றுக்கொள்வான். புண்ணுக்கு மதிப்பெண் இடாதீர். அதைப் பார்த்த பார்வையின் நேர்மைக்கு இடுங்கள்.

தோழர்களே! உங்கள் வாழ்வை எழுதுங்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளை நீட்டப்பட்டதா? எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்றும் எழுதுங்கள். ஆதிக்கக்காரனுக்கு உங்கள் ஏட்டில் ஒரு பொய் கிடைத்தால் போதும். ஒன்பது மெய்யையும் அதனோடு சேர்த்துப் புதைத்துவிடுவான். அழகாக எழுதத் தெரிந்தவன் பொய் சொல்லலாம், பிழைத்துக்கொள்வான். நீதி கேட்டு எழுதுபவனுக்கு அந்தச் செல்வச் செருக்கு கட்டுப்படியாகாது. அவன் கையிலுள்ள ஒரே படைக்கலம், உண்மை.